மணக்காத குசினி

பெப்ரவரி 6, வெள்ளி

பனி. கூரை வரை பனி. (சரி, முழங்கால் வரை.) தனியொருவனாய் வாசலை வழித்து முடித்தேன். பேரரசுகள் இதைவிடச் சுலபமாய் வீழ்ந்திருக்கும். இடுப்பைக் காணவில்லை.

ஞாயிறு முதியோர் சங்கப் பட்டிமன்றம். ஒரு சமூகம் முதலில் தேட வேண்டியது செல்வமா, மகிழ்ச்சியா? செல்வ அணித் தலைவர் அடியேன். வேறு யார்?

செயலாளர் தேவன் போனில்: "அண்ணை, மகிழ்ச்சி அணியிலை ஒராளுக்குத் தொண்டை கட்டிட்டுது. உங்கட திலகம் அக்காவைக் கேக்கட்டோ?"

விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி திலகம், மேடையில்! கல்யாணமான நாள் முதல் ஒரு மைக்கைத் தொட்டவளில்லை. "கேளும், கேளும்" என்றேன். எதிரணிக்கு ஓட்டைப் படகை நானே அனுப்பிவைத்த திருப்தி.

வாங்க: இஞ்சி மிட்டாய், மீசைக்கு மை, உப்பு (வாசல் பனி உருக).

பெப்ரவரி 7, சனி

ஒத்திகை, கண்ணாடி முன். கண்ணாடியே கைதட்டியது.

பிரமாஸ்திரம்: எங்கள் குசினி. மாபிள் கல் பதித்த சமையலறை. இத்தாலியில் ஒரு மலையையே காணாமல் செய்து கொண்டு வந்தது என்று சொல்வதாய் உத்தேசம். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இப்படி இன்னொன்று இல்லை. (இருக்கிறது. பக்கத்து வீட்டில். அது சின்னது.)

திலகம் கார் விடுகிற கராஜுக்குள் கணவாய்க் கறி. எங்கள் சமையல் எப்போதும் அங்கேதான். கறி மணம் சுவரில் பிடித்தால் விற்கிற நாளில் விலை இறங்கும். கதவால் தலையை நீட்டி, "நாளைக்கு என்ன பேசப் போறீர்?" என்றேன்.

"மனசிலை வாறதை."

பாவம். கதவைச் சட்டென்று சாத்தினேன். மணம் வந்துவிடும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பேனா பிடிக்க வரவில்லை.

என் பேச்சு பிரமாதம். செல்வம் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி ஏது, பள்ளிக்கூடம் ஏது, இந்த மண்டபத்துக்குச் சூடு தரும் ஹீற்தான் ஏது? வட துருவத்தில் ஒரு கரடியாவது திடுக்கிட்டு எழும்பியிருக்கும். முடிவில் குசினியை இறக்கினேன். "அந்த மாபிள் குசினியிலை நிக்கேக்கை என்ரை மனிசியின்ரை முகத்தைப் பாருங்கோ! அதுதான் மகிழ்ச்சி! செல்வம் பெத்த பிள்ளை!"

கைதட்டல். பிறகு திலகம். கையில் தாள் இல்லை. குளிருக்குப் போட்ட ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை.

"இவர் சொன்ன குசினி வடிவான குசினிதான். ஆனா நாங்கள் குடிவந்த நாளிலையிருந்து நான் அதுக்குள்ளை ஒரு முட்டை பொரிச்சதில்லை. கறி மணந்தா வீடு விலைபோகாதாம். நான் கராஜுக்குள்ளை, இந்த ஜக்கெற்றோடை நிண்டுதான் சமைக்கிறன். எப்பவோ ஒருநாள் வாங்கப்போற ஆரோ ஒருத்தருக்காக. அவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. அவர் சந்தோசமா இருப்பார்."

வந்து கதிரையில் இருந்துவிட்டாள். அவ்வளவுதான்.

பின்வரிசையில் ஒரு குரல்: "எங்கட வீட்டிலையும் கராஜ்தான்!" இன்னொன்று: "எங்களுக்குப் பேஸ்மென்ற்!" மண்டபத்தில் பாதிப் பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். ஆண்கள் எல்லாரும் குனிந்து காலிலிருக்கும் சப்பாத்தைப் பார்க்கிறோம். இத்தனை குசினிகளா இந்த ஊரில் சும்மா மினுங்கிக்கொண்டிருக்கின்றன! என் அணிக்காரர் ஒருவரே கைதட்டினார். துரோகி.

தீர்ப்பு: மகிழ்ச்சி. நடுவர் என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தார்.

காரில் ஹீற் நன்றாகவே வேலை செய்தது. எனக்குக் குளிர்ந்தது.

பெப்ரவரி 9, திங்கள்

பிக்கரிங்கிலிருந்து மகள் போன். பட்டிமன்ற வீடியோ அவளுக்கும் போய்விட்டது.

"அப்பா, சீரியஸ்லி? அம்மா வின்ரரிலயும் கராஜிலயா குக் பண்றா? ஐ தோட் சம்மர் மட்டும்!"

"கொம்மாவுக்கு அது பழகிட்டுது, பிள்ளை."

"அப்பிடி அம்மா சொன்னவவா?"

சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. தலையில் இடி. ரொறன்ரோ முழுவதற்குமான இடி.

மத்தியானம் மெல்லக் கேட்டேன்: "இஞ்சேரும், நேற்றுச் சொன்னது சும்மா பட்டிமன்றத்துக்குத்தானே?"

"ஓம். பட்டிமன்றத்துக்குத்தான்."

ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போனாள்.

இந்த வீட்டை எப்போது விற்கப் போகிறோம்? தெரியாது. விற்கப் போகிறோமா? அதுவும் தெரியாது.

பெப்ரவரி 10, செவ்வாய்

கடுங்குளிர். திலகம் கண் டொக்ரரிடம். கராஜுக்குள் போய் நின்று பார்த்தேன். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாய் உறைந்திருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் பழைய ரயர்கள், என் பனிச் சப்பாத்து. ஆணியில் ஒரு சோடி கம்பளிக் கையுறை. விரல் நுனிகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறாள். வெங்காயம் அரிய.

கையில் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சிறிது.

இதைப் பெருப்பித்து எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

பெப்ரவரி 11, புதன்

வோபர்ன் மீன்கடை. வெட்டுகிற தம்பி: "என்ன அங்கிள், அன்ரி வரேல்லையோ? உங்களுக்கு மீன் தெரியுமோ?"

"நான் பிடிக்காத மீன் இந்து சமுத்திரத்திலையே இல்லை."

"அப்ப இதென்ன மீன்?"

"வெட்டும் தம்பி, கதையாதையும்."

பாரையாம்.

திலகம் மேலே படுத்திருந்தாள். மாபிள் குசினி அடுப்பில் கடைக்காரன் ஒட்டிய ஸ்ரிக்கர் இன்னும் அப்படியே. உரித்தேன். எண்ணெய். தூள் பிரட்டிய துண்டுகள். முதலில் வாசம், பிறகு புகை, பிறகு யுகமுடிவு: புகை அலாரம் அலறிய அலறலில் பிக்கரிங்கில் தீயணைப்பு வண்டிகள் புறப்பட்டிருக்கும்.

திலகம் ஓடி வந்தாள். "என்னப்பா, விசரே உங்களுக்கு? வீடு முழுக்க மணக்கப் போகுது! இனி ஆர் வாங்குவினம்?"

"ஒருத்தரும் வாங்கமாட்டினம்" என்றேன்.

என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். துவாயை விசுக்கி அலாரத்தை அடக்கினாள். பிறகு, "தள்ளுங்கோ. கருகுது" என்று கரண்டியைப் பறித்தாள். ஜக்கெற் இல்லை. கையுறை இல்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள்.

"உப்புப் போட்டனீங்களோ?"

"வாசலுக்குப் போட்டனான்."

சிரித்தாள். அந்தக் குசினி இப்படி எதிரொலிக்கும் என்று எனக்கு இத்தனை காலமும் தெரியாது.