டொக்டர் சொன்ன ‘ஓம்’

செவ்வாய்க்கிழமை, இரவு

மத்தியானம் நீர்வேலிப் பக்கம் வாழைத்தோட்டத்தில் குளவி கொட்டிய ஒருவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நாடி பிடிபடவில்லை. டொக்டர் சாப்பிடப் போயிருந்தார். அவர் சொல்லாமல் தாதிமார் நாங்கள் அட்ரினலின் ஊசி போடக்கூடாது. போன் எடுத்தேன். எங்கள் வாட்டில் சிக்னல் எப்போதும் அரைகுறைதான்.

“டொக்டர், குளவி கொட்டின ஆள், பிரஷர் இல்லை. அட்ரினலின் போடட்டோ? கேக்குதோ?”

“ஓம்” என்றார். லைன் அறுந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த மனிதருக்கு மூச்சுச் சீராக வந்தது. கண் விழித்ததும் முதல் கேள்வி: “கொட்டினது கையிலை. ஏன் மிஸி துடையிலை குத்தினனீங்கள்?” அவருடைய மனைவி அழுதுகொண்டே சிரித்தா.

டொக்டர் ஓடி வந்தார். ஆளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆர் போடச் சொன்னது?”

“நீங்கள்தான், டொக்டர். ஓம் எண்டனீங்கள்.”

“கேக்குதோ எண்டதுக்கெல்லோ ஓம் எண்டனான். மற்றது ஒண்டும் விளங்கேல்லை.” கொஞ்சம் யோசித்தார். “சரி, நான் சொன்னதெண்டே இருக்கட்டும்.”

நல்ல மனிதர். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் நான் அவரிடம் கேட்டேன். இரண்டு கையும் ஊசியில் இருந்தன. அவர் ‘ஓம்’ சொல்லும்போது பாதி மருந்து உள்ளே போயிருந்தது.

‘பொறு’ என்று சொல்லியிருந்தாலும் மிச்சத்தையும் ஏற்றியிருப்பேன்.