கூரை தட்ட இரண்டு பேர்

மார்ச் 3

இல்லை, பயம் இல்லை. சலிப்பு. சுரங்கத் தொழிலாளர் சங்கம் இரண்டாக உடைந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் பேச்சை முடிப்பதில்லை. அப்பா பழைய சங்கம். மாமா, அம்மாவின் தம்பி, புதிய சங்கம். இருவர் சட்டையையும் துவைப்பது அம்மா. "கரி போனாத்தானே எவன் எந்தச் சங்கம்னு தெரியும். போகவே மாட்டேங்குது."

மார்ச் 9

சுரங்கத்து விளக்கறையில் எனக்கு வேலை. படித்த படிப்புக்கு இது... சரி, விடு. இறங்குகிறவர்களுக்குச் சன்னல் வழியே விளக்கு கொடுப்பேன். ஜோடி ஜோடியாகத்தான் இறங்குவார்கள். நிலக்கரி வெட்டத் தொடங்கும் முன் ஒருவர் கம்பியால் கூரைப் பாறையைத் தட்ட வேண்டும். மற்றவர் உள்ளங்கையைப் பாறையில் வைத்து அதிர்வைப் பார்க்க வேண்டும். தளர்ந்த பாறை கையில் தெரியும். அப்பா தட்ட, மாமா கை வைக்க, நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து அப்படித்தான்.

இன்று இரண்டு சங்கமும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: எதிர்ச் சங்கத்தானோடு ஜோடி சேரக் கூடாது.

மார்ச் 10

அப்பாவுக்குப் புது ஜோடி.

"எப்படிப்பா?"

"கை வைக்கிறான். எதுக்கு வைக்கிறோம்னுதான் அவனுக்குத் தெரியல."

மார்ச் 22

ஒன்றும் இல்லை. தூக்கம் மட்டும்.

ஏப்ரல் 6

புதிய சங்கம் வேலைநிறுத்தம். பழைய சங்கம் இறங்குகிறது. வாசலில் மறித்து நின்றவர்களில் மாமாவும் இருந்தார். அப்பாவைப் பார்த்து யாரோ "கருங்காலி" என்றார்கள். மாமா சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. அப்பா நின்றார். "என்ன மாப்ள, தொண்டை கட்டிக்கிச்சா? நீயும் ஒரு வாட்டி சொல்லிடேன்."

மாமா சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

ஏப்ரல் 11

கூரை விழுந்துவிட்டது. அப்பா உள்ளே. புது ஜோடி மட்டும் வெளியே வந்திருக்கிறான். "நல்லாத்தான் இருந்துச்சு, கை வச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" — திரும்பத் திரும்ப அதையே —

எழுத வரல.

ஏப்ரல் 12

அப்பா உயிரோடு இருக்கிறார். இடது காலை எடுத்துவிட்டார்கள்.

நேற்று மாமா மறியலைத் தாண்டிச் சன்னலுக்கு வந்தார். மீட்கப் போகிறவர்களோடு இறங்க. "விளக்கக் குடும்மா." அவருடைய சங்கச் செயலாளர் பின்னாலேயே வந்தார். "உள்ள எறங்கினா நீ நம்மாளு இல்ல. யோசிச்சுக்க."

"மேல வந்து யோசிக்கிறேன்."

அந்த இடத்துப் பாறையை அறிந்த கை அது ஒன்றுதான். தடவித் தடவியே போய் அப்பாவைச் சேர்ந்திருக்கிறார்.

ஏப்ரல் 15

மாமாவை நீக்கிவிட்டார்கள். வேலைநிறுத்தத்தை உடைத்தாராம். அப்பாவின் சங்கம் மாமா படத்தோடு துண்டறிக்கை போட்டிருக்கிறது: மனம் திருந்தி வந்த தோழர். உறுப்பினராகச் சேர்க்கத் தலைவரே மருத்துவமனைக்கு வந்தார்.

"மனசெல்லாம் திருந்தலீங்க. மச்சான் உள்ள கெடந்தாரு, போனேன்."

தலைவர் போன பிறகு அப்பா, "சேந்து தொலைய வேண்டியதுதானேடா."

"மொதல்ல நீங்க அதவிட்டு வெளிய வாங்க. அப்புறம் பாப்போம்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் அம்மா.

நான் படித்த புத்தகங்களில் தொழிலாளி வர்க்கம் எப்போதும் ஒருமையில்தான் இருந்தது.

மே 2

வேலைநிறுத்தம் முடிந்தது. இரண்டு சங்கமும் வெற்றி என்கின்றன. தனித்தனியாக.

மே 4

இன்று மாமா வேலைக்கு வந்தார். வரிசையில் நின்று சன்னலுக்கு வந்ததும் மேற்பார்வையாளர் கேட்டார்: "ஜோடி யாரு?"

மாமா திரும்பிப் பார்த்தார். சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்கள். அப்பாவின் புது ஜோடியும் அங்கேதான் நின்றான். எதிலும் சேராத மாமாவோடு இறங்குகிறவனை எந்தச் சங்கமும் வைத்துக்கொள்ளாது.

"ஒத்தையா அனுப்ப முடியாதுங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"தெரியும்."

மாமா என் பக்கம் திரும்பினார். "வரிசை நிக்குது பாரு. குடும்மா."

அவருக்காக எடுத்த விளக்கை அடுத்த ஆளிடம் நீட்டினேன்.