நெஞ்சுத் தகடும் சாவிக்கொத்துக் காந்தமும்

மார்ச் 3

டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னார். பனியனைப் பற்றி யார் நினைத்தது? வெல்டிங் பொறி பட்டுப் பட்டு முன்பக்கம் சல்லடை. மகள் சட்டென்று ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தாள். விலாவில் இருக்கும் வீக்கத்தை விட்டுவிட்டு நான் ஓட்டைகளைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு நாளா இருக்கு, ஐயா?"

"இப்பதான்..."

"பொய். ஒரு வருஷமா தைலம் தேய்க்கிறார்" என்றாள், ஃபேனைப் பார்த்தபடியே.

மார்ச் 11

ஊசியால் எடுத்த சதையின் சோதனை முடிவு வந்தது. பிளாஸ்மா செல் என்று ஒரு ரத்த அணு, விலா எலும்பில் கட்டியாகக் குவிந்திருக்கிறதாம். புற்றுநோய்தான். ரொம்ப அபூர்வமாம். எனக்கென்று அபூர்வமாய் வாய்த்தது இது ஒன்று. ஸ்கேனில் வேறெங்கும் இல்லை. இரண்டு விலா எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோகத் தகடு வைப்பார்களாம்.

துருப்பிடித்த கார் கதவுக்கு என் பட்டறையில் நான் செய்வதும் அதேதான் என்று மகளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

மார்ச் 22

ஆபரேஷன் முடிந்தது. வெட்டிய துண்டின் ஓரங்களைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் நோய் தெரிந்தால் உள்ளேயும் மிச்சம் இருக்குமாம். முடிவு வந்ததா என்று நான் கேட்கவில்லை.

இன்று ஒரு தும்மல் வந்தது. எதிரிக்கும் வேண்டாம்.

மார்ச் 25

எழுதவே கூசுகிறது.

என் சாவிக்கொத்தில் ஒரு காந்தம் தொங்கும். வேலை முடிந்த காரில் வைத்தால் தெரிந்துவிடும் — தகடு என்றால் ஒட்டும், தகடு வைக்காமல் வெறும் பட்டி பூசி அடைத்திருந்தால் நழுவும். மகள் காபி வாங்கப் போன நேரம், அதை நெஞ்சுக் கட்டின்மேல் வைத்தேன். நழுவியது. மறுபடியும் வைத்தேன். நழுவியது.

டாக்டரம்மா மாணவர்களோடு உள்ளே வந்தார். என் வாய் சும்மா இருந்ததா?

"தகடுன்னு சொன்னீங்க. காந்தம் ஒட்டலையே."

ஒரு பையன் இருமிச் சிரிப்பை அடக்கினான். அவர் காந்தத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது டைட்டானியம், ஐயா. ஒட்டாது." மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருக்கலாம்.

வாசலில் மகள், கையில் காபி. அவர்கள் போன பிறகு, "பாதி நாள் ஆபரேஷன்ல நின்னாங்கப்பா உங்களுக்காக" என்றாள். அவ்வளவுதான்.

என் பட்டறையில் வண்டிக்காரன் எவனாவது சோதிக்கக் காந்தத்தை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நம்பிக்கை இல்லன்னா வண்டியை எடுத்துட்டுப் போ" என்பேன். இன்றைக்கு அந்த ஆள் நான். எழுந்து ஓடவும் வழியில்லை, விலாவில் குழாய் சொருகியிருக்கிறது.

மார்ச் 26

மகள் பேசவில்லை. சாவிக்கொத்தையும் காணோம்.

ஏப்ரல் 4

"ஓரமெல்லாம் சுத்தம்" என்றார் டாக்டரம்மா. கொஞ்ச நாள் கதிர் சிகிச்சை. அப்புறம் ரத்தப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். மகள் மருந்துச் சீட்டைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"காந்தம் எங்கே, ஐயா?"

மகள் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினாள். "பறிமுதல், டாக்டர்."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் வலித்தது.

"மன்னிச்சிருங்கம்மா. தொழில் புத்தி" என்றேன்.

தொழில் புத்தி இல்லை. அன்றைக்கு, உள்ளே துரு மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. கைக்கு எட்டினது காந்தம்தான். அதை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன்.