ஒட்டிக்கொண்ட ஷட்டர் பொத்தான்

மே 7, வியாழன்

காலையிலேயே வெயில். கேமராவில் ஷட்டர் பொத்தான் அமுங்கினால் மேலே வருவதில்லை. நேற்று அவரும் கொழுந்தன் செல்வமும் வைகை அணைக்கு எடுத்துப்போனார்கள். எனக்குக் கொடுக்கவே மனமில்லை. ஞாயிறு ராயப்பன்பட்டி மாதா கோயிலில் புதுநன்மை; முதல்முறை நற்கருணை வாங்கும் முப்பது பிள்ளைகளையும் நான்தான் படம் எடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது இந்த ஒரு கேமரா.

செல்வத்துக்கு ஃபோன். "எனக்குத் தெரியாது மதினி" என்றான். பொய். போகும்போது அவன் தோளில்தான் கிடந்தது.

மே 8, வெள்ளி

மதுரை சர்வீஸில் பத்து நாள் ஆகுமாம். நானே பார்க்க வேண்டியதுதான்.

வாங்கியது: பிசுக்குத் துடைக்கிற ஐ.பி.ஏ. ஸ்பிரிட் (மொபைல் கடை), பஞ்சுக்குச்சி, மெல்லிய ஊசி.

மேல்மூடியைக் கழற்றவில்லை, ஃப்ளாஷ் கண்டென்சர் ஷாக் அடிக்கும். பேட்டரியை எடுத்துவிட்டுப் பொத்தானைச் சுற்றி ஊசிமுனையில் ஒரு சொட்டு ஸ்பிரிட், ஐம்பது அமுக்கு, துடைப்பு. மறுபடி. பஞ்சு பழுப்பாக வந்தது. முகர்ந்தேன். கலர் வாசனை. குடிக்கிற பாட்டில் கலர்!

அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். "பொத்தான்தானே, விட்டுரு" என்றார். தம்பி என்றால் இப்படித்தான்.

மே 9, சனி

மத்தியானம் செல்வம் சாப்பிட வந்தான். அவன் தட்டுக்குப் பக்கத்தில் பழுப்புப் பஞ்சுகளைக் கொட்டினேன். இப்படிப் பொய் சொல்கிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று கேட்டேன். திங்கள்கிழமை அவனுக்கு நிச்சயம். "போட்டோ எடுக்க வேற ஆளப் பாரு" என்றும் சொன்னேன்.

அவன் அண்ணனைப் பார்த்தான். "சரி மதினி" என்று எழுந்து போய்விட்டான். பாதிச் சோறு அப்படியே.

மாமியார்: "பொண்ணு வீட்டுக்காரவுக வர்ற நேரத்துல இப்படியா பேசுவ?" அண்ணன்காரர் தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை.

சாயங்காலம் பொத்தான் எழும்பியது. அரை அமுக்கில் ஃபோகஸும் பிடிக்கிறது. இருந்தும் ஆத்திரம் தணியவில்லை.

மே 10, ஞாயிறு

ராயப்பன்பட்டி. முப்பது பிள்ளைகளையும் எடுத்தாயிற்று. பொத்தான் ஒரே ஒருமுறை முரண்டு பிடித்தது.

மூன்று மணிக்கு வீடு. பையை இறக்கி வைக்கும்போது அவர் சொன்னார்:

"அது என் கைதான். கார்ல பாட்டிலத் திறந்தப்ப சிந்திருச்சு. சொல்லாதடான்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன்."

நான் ஊசியோடு குனிந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த மனுஷன்.

உங்கள் அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள் என்றேன். நிச்சயம் முடியட்டும் என்றார். நானே போய்ச் சொன்னேன், அவர் முன்னாலேயே.

செல்வத்துக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. அவன் ரூம் சின்னமனூரில். பஸ் ஏறப் போகிறேன். அவரும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.