குன்மம் என்ற அட்டை

மார்ச் 4, திங்கள்

நாங்கள் தொகுக்கும் அகராதியில் இன்று 'குன்மம்'. தீராத வயிற்று நோய். உடம்பையும் மனத்தையும் குன்றச் செய்வதால் அந்தப் பெயர் என்கிறது பழைய வைத்திய நூல். புதர் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது என்கிறார் மாமா. வயிற்றுக்குள் புதர். இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

காலையில் மறுபடியும் வாந்தி. லீவு கேட்டேன். "குன்மம் எழுத உக்காந்ததும் குன்மம் வந்துடுச்சா? நல்லவேளை, குட்டம், அதான் குஷ்டம், போன மாசமே முடிஞ்சுது" என்றார் மாமா. உடன் வேலை செய்யும் மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 5

மாடியில் வீடு, கீழே அலுவலகம். மாமனாரே பதிப்பாசிரியர். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சாப்பாட்டு மேசையிலும் என் வாக்கியத்தைத் திருத்துகிறார்.

மார்ச் 7

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. வேலை எப்படி இருக்கு?" என்றார். அழுதுவிட்டேன். ச்சே.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க ஆள் கேட்கிறார்கள் என்று இவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது? 'க' வரிசையாவது முடியட்டுமே." 'ஆ' நடக்கும்போது மருமகளாக வந்தவள் நான். பதினோரு வருஷத்தில் 'கு'. 'வ' வருவதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

மார்ச் 12

ஐயோ. சொல்லும் சான்றும் எழுதும் அட்டைகளில் கழித்தவற்றின் பின்பக்கத்தில்தானே இதையெல்லாம் எழுதுகிறேன்? ஞாயிறன்று எழுதியதைக் காணோம் என்று தேடினால், குன்மம் பெட்டிக்குள் கிடக்கிறது. 'காலையில் படி இறங்கும்போதே பிடித்துக்கொள்கிறது இந்தக் குன்மம். ஞாயிறன்று மட்டும் விட்டுவைக்கிறது.' கீழே மாமாவின் சிவப்பு மை: 'மிக நல்ல சான்று. எந்த நூல்? பக்கம்?'

எங்கள் நால்வருக்கும் ஒரே கையெழுத்தைப் பழக்கியவர். யார் எழுதியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? — தெரிய வேண்டாமா? பதினோரு வருஷம்!

மார்ச் 13

எல்லார் முன்னாலும் கேட்டார். "நூல் இல்ல மாமா. நான்தான் எழுதினேன். எனக்குத்தான் வலி."

அட்டையை வாங்கி மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அச்சுல வராதது சான்று ஆகாது" என்றார், மெதுவாக. ஆனால் அதைக் கழிக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 14

இவர் அப்பாவிடம் இதைப் பேசவில்லை. நானே போய்ச் சொன்னேன்: "வேலையை விட்டுடறேன் மாமா." சரி என்று தலையாட்டினார்.

ஏப்ரல் 2

அச்சகத்தில் எட்டாவது நாள். பதினோரு மணிக்கே பசி. பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல் டப்பாவைத் திறந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.