பொஸ்னான் மண்டபத்து ஆடுகள்

முவைலா, ஷார்ஜா
ஜூலை 14

மச்சானுக்கு ஸலாம். நானும் உங்க மக மாஹிராவும் நல்லா இருக்கோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு நீங்க அனுப்பின வீடியோ வந்துச்சு. ஜனவரில வெல்டிங் வேலைக்குப் போலந்து போனதிலேருந்து வாராவாரம் அனுப்புற அதே பொஸ்னான் நகர மண்டபம். மூணு அடுக்கு வளைவு, நடுவுல கோபுரம், பன்னெண்டு மணிக்குக் கடிகாரத்துக்கு மேல வந்து முட்டிக்கிற ரெண்டு தகர ஆடு.

அந்தக் கட்டடமே எனக்குப் புரியலை. எழுநூறு வருசம் பழசுன்னீங்க. அப்புறம் யாரோ இத்தாலிக்காரர் மாத்திக் கட்டினார்னீங்க. போருல சேதமாகி, பழைய மாதிரியே திரும்பக் கட்டினாங்கன்னும் சொன்னீங்க. அப்போ நீங்க காட்டுறது பழசா, புதுசா?

மாஹிராதான் கேட்டா: "உம்மா, ஜூலைல எப்படி ஸ்னோ?" பார்த்தேன். வளைவு மேலயெல்லாம் வெள்ளையா இருக்கு. ஜனவரில வந்த முதல் வீடியோல நின்ன சிவப்புக் குடைக்காரி இதுலயும் அதே இடத்துல நிக்கிறா. அந்த ஊர்ல எப்ப வேணும்னாலும் பனி பெய்யும்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். பெய்யுமா மச்சான்? நெட்ல தேடிப் பார்க்க மனசு வரலை.

போன் ரிங் போகுது, நீங்க எடுக்கலை. டூட்டில இருப்பீங்க. கம்பெனில கேட்கலாம், என்ன சொல்லுவாங்களோன்னு கேட்கலை.

உங்க ரூம் அட்ரஸ் என்கிட்ட இல்லை. அதனால கவர்ல அந்த மண்டபத்து அட்ரஸைப் போட்டிருக்கேன். உங்க பேருக்குக் கீழே மாஹிரா இங்கிலீஷ்ல எழுதியிருக்கா: வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஆடு பார்க்க வர்றவர்.

இங்கேயே இருக்கிற,
உங்க வீட்டுக்காரி