ஆலம்பரைக்கு முதலிடம்

இன்று காலை பேருந்து முட்டுக்காட்டுப் பாலத்தில் ஏறியபோது, சன்னல் வழியே உப்பங்கழியின் சேற்று வாடை அடித்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நீயாக இருந்தால் முகத்தை வெளியே நீட்டியிருப்பாய். கடலடி மண்ணைப் படிப்பது உன் வேலை. வாடையை வைத்தே முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிப் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவாய்.

நான் மாமல்லபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடலோரத் தொல்லியலில் எந்த ஆய்வை முதலில் எடுப்பது என்று பல அலுவலகங்கள் சேர்ந்து முடிவு செய்யும் கூட்டம். தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் நாம் உட்கார்ந்திருந்த கூட்டமும் அதற்குத்தான்.

அன்று பலகையில் எழுதும் வேலை என்னுடையது. முதல் வரியில் உன் திட்டத்தை எழுதினேன்: மாமல்லபுரத்துக் கடலுக்குள் கிடக்கும் கற்களை அளப்பது. அதற்காகத்தான் நாற்பதை நெருங்கும் வயதில் நாம் இருவரும் முக்குளிக்கக் கற்றிருந்தோம். எல்லாருக்கும் அதில் ஆசை இருந்தது. ஆனால் படகும் ஆட்களும் ஒரு வேலைக்குத்தான் கிடைக்கும்.

மீனவர்களையும் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தவள் நீதான். கடைசி வரிசையில் இருந்து கடப்பாக்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார்.

“தண்ணிக்குள்ள கீற கல்லு எங்கயும் போவாதும்மா. எங்கூர்ல ஆலம்பரைக் கோட்டை கீது. அங்க அந்தக் காலத்துப் படகுத்துறை வருசா வருசம் இடிஞ்சிகினே கீது. அத்த யாருனா அளந்து வெச்சீங்களா?”

யாரும் அளக்கவில்லை. நீ எழுந்து வந்தாய். உன் திட்டத்தை உன் கையாலேயே அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஆலம்பரை என்று எழுதினாய். யோசித்துத்தான் செய்கிறாயா என்று மெதுவாகக் கேட்டேன்.

“நம்ம ஆசை பொறுக்கும். அந்தச் சுவர் பொறுக்காது” என்றாய்.

திரும்பும் பேருந்தில் நான் உன்னை விட்டு வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு கோடைகள் அங்கே அளந்தோம். நான் செங்கல் வரிசைகளை வரைந்தேன். நீ முழங்கால் சேற்றில் நின்று, கழிக்குள் நீளும் துறையின் அடியில் மண் எவ்வளவு அரித்திருக்கிறது என்று குறித்தாய். அந்த மீனவரின் மனைவி நமக்கும் சேர்த்து மீன்குழம்பு வைப்பார். “இன்னாத்துக்கு இந்த வெயில்ல காயிறீங்க” என்று திட்டிக்கொண்டேதான் பரிமாறுவார்.

மாமல்லபுரத்துக் கற்களை வேறு குழு ஒன்று அளந்தது. செய்தித்தாளில் வந்த படத்தை நீ வெகுநேரம் பார்த்தாய். “நல்லா எடுத்திருக்காங்க” என்று மட்டும் சொன்னாய். உன் முக்குளிப்புக் கண்ணாடி பெட்டியிலேயே கிடந்தது.

பிறகு சுனாமி வந்தது. வழி திறந்ததும் கடப்பாக்கம் போனோம். மீனவர் வீட்டார் உயிரோடு இருந்தார்கள். முதலில் அதைத்தான் கேட்டாய். கோட்டையில் நாம் அளந்த சுவர்களில் ஒரு பகுதி பெயர்ந்து கிடந்தது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று சொல்ல நம் வரைபடங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. நீ இடிந்ததைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

உன்னிடம் நான் மறைத்த ஒன்று உண்டு. செங்கல்பட்டுக் கூட்டம் முடிந்த அந்த வாரமே, உன் முடிவு தவறு, பட்டியலை மாற்றுங்கள் என்று உன் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். அவர் கேட்கவில்லை. உனக்கு அது தெரியாது என்றே நினைத்திருந்தேன். நீ இறந்துபோன பிறகு உன் அண்ணன் உன் கோப்புகளை என்னிடம் கொடுத்தார். அவற்றில் அந்தக் கடிதத்தின் நகலும் இருந்தது. ஓரத்தில் உன் கையெழுத்து, பார்த்த தேதி. நாம் ஆலம்பரையில் அளக்கத் தொடங்கியதற்கு முந்தைய நாள்.

மறுநாள் காலை அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு நீ நடந்து போனது நினைவிருக்கிறது. என்றைக்கும் போலத்தான் நடந்தாய்.

இன்று கூட்டத்தில் என் திட்டத்தை ஒரு பெண் கடுமையாக எதிர்த்தாள். உடனே எழுந்து பதில் சொல்லத் தோன்றியது. ஆனாலும் அவள் முடிக்கும்வரை கேட்டேன். பிறகு, அடுத்த வாரம் என் திட்டத்துக்கான இடத்தைப் பார்க்க என்னோடு வர முடியுமா என்று அவளைக் கேட்டேன்.